முன்னதாக வாங்கினால் குற்றமா?

'ஃபாரின் சாமான்' என்ற சொல்லுக்கு ஒரு காலத்தில் இருந்த மவுசு இன்றைய பிள்ளைகளுக்குச் சொன்னால் புரியாது. சிங்கப்பூரிலிருந்து ஒருவர் வருகிறார் என்றால், அவர் பெட்டி திறப்பதைப் பார்க்கத் தெருவே கூடிவிடும். டூ-இன்-ஒன், கால்குலேட்டர், எலக்ட்ரானிக் கைக்கடிகாரம், பிறகு வி.சி.ஆர். வெளிநாட்டு உறவினர் இல்லாதவர்களுக்குச் சென்னையில் பர்மா பஜார் இருந்தது. டில்லிக்கு வந்த நமக்குப் பாலிகா பஜார் இருந்தது. அடிக்கடி விமானம் ஏறிப்போய்ச் சாமான் கொண்டுவந்து இந்தக் கடைகளுக்குக் கொடுப்பவர்களுக்கு நம் மக்கள் 'குருவி' என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

அன்று இந்தச் சாமான்களைத் தடுத்தது நம் அரசாங்கம். சுங்க வரி, இறக்குமதி லைசென்ஸ் என்று ஆயிரம் கெடுபிடிகள். தயாரித்த கம்பெனி தடுக்கவில்லை. எங்கே விற்றாலும் தன் சரக்கு விற்கிறதே என்று சும்மா இருந்தது. நான் இங்கே எழுத வந்தது அதற்கு நேர் எதிரான ஒரு விஷயத்தைப் பற்றி. அரசாங்கம் அனுமதிக்கிறது, வாங்குபவர் வரியும் கட்டத் தயார், ஆனால் தயாரித்த கம்பெனியே குறுக்கே நின்று 'உன் நாட்டுக்கு இன்னும் முறை வரவில்லை, நீ வாங்கக் கூடாது' என்கிறது. இது எப்படி நடக்கிறது, இதற்குச் சட்டம் எங்கிருந்து வந்தது, இதில் யார் மனம் நோகிறது என்பதை நம் சங்கத்து அன்பர்கள் தெரிந்துகொள்வது நல்லது. ஏனென்றால் நம் வீடுகளில் பாதிப் பேருக்குப் பிள்ளைகள் வெளிநாட்டில். அவர்கள் வரும்போது கொண்டுவரும் போனும் கேமராவும் இந்த வம்புக்குள்தான் மாட்டுகின்றன.

முதலில் ஒன்றைப் பிரித்துச் சொல்லிவிடுகிறேன். போலிச் சரக்கு வேறு. வரி ஏய்த்துக் கடத்தி வரும் சரக்கு வேறு. இது மூன்றாவது வகை. சரக்கு அசல், கம்பெனியே செய்து, கம்பெனியே ஒரு நாட்டில் பணம் வாங்கிக்கொண்டு விற்றது. அதை வாங்கிய வியாபாரி வேறொரு நாட்டு வாடிக்கையாளருக்கு அனுப்புகிறார், அவ்வளவுதான். வியாபாரத்தில் இதைக் 'கிரே மார்க்கெட்' என்பார்கள். வெள்ளையும் இல்லை, கறுப்பும் இல்லை.

நான் ரயில்வேயில் எலக்ட்ரிகல் பிரிவில், பெரும்பாலும் டிரெயின் லைட்டிங் வேலையில், காலம் தள்ளியவன். ஆகவே கம்பெனிகள் சொல்லும் முதல் காரணத்தை, அதாவது 'நாட்டுக்கு நாடு மின்சாரம் வேறு, பாதுகாப்பு இல்லை' என்பதை, சற்று விவரமாகப் பார்க்கிறேன். ஒரு காலத்தில் இது முழுக்க நிஜம். அமெரிக்காவில் சுமார் 120 வோல்ட், 60 சைக்கிள். ஜப்பானில் 100 வோல்ட். அதிலும் நாட்டின் கிழக்குப் பாதியில் 50 சைக்கிள், மேற்குப் பாதியில் 60. நமக்கு 230 வோல்ட், 50 சைக்கிள். அமெரிக்க டேப் ரிக்கார்டரை நம் சுவரில் நேரே சொருகினால் புகை வந்துவிடும். (110 வோல்ட் எங்களுக்குப் பழகியதுதான், ரயில் பெட்டி விளக்கு எரிவதே அதில்தான். ஆனால் அது டி.சி.; பாட்டுப் பெட்டிக்கு உதவாது.) அதனால் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று வாங்கி வைப்போம். அப்போதும் வோல்ட்தான் சரியாகும், சைக்கிள் மாறாது. மின்சாரத்தின் துடிப்பை எண்ணி மணி காட்டும் அமெரிக்கக் கடிகார ரேடியோ நம் ஊரில் மணிக்குப் பத்து நிமிஷம் பின்தங்கும். 60 துடிப்பு எண்ண வேண்டிய நேரத்தில் 50தானே வருகிறது!

டி.வி. விஷயம் இன்னும் மோசம். அமெரிக்காவிலும் ஜப்பானிலும் என்.டி.எஸ்.சி. முறை, ஒரு படத்துக்கு 525 வரிகள். நமக்குப் பால் முறை, 625 வரிகள். மகன் ஆசையாகக் கொண்டுவந்த வி.சி.ஆரைப் போட்டால் படம் கறுப்பு வெள்ளையில் உருண்டுகொண்டே போகும். ஜப்பானிய எஃப்.எம். ரேடியோ 76-லிருந்து 90 மெகாஹெர்ட்ஸ் வரைதான் பிடிக்கும், டில்லி எஃப்.எம். ரெயின்போவோ 102.6. முள்ளைக் கடைசி வரை திருகினாலும் கிடைக்காது.

இதெல்லாம் எங்கள் மீட்டர் கேஜ், பிராட் கேஜ் தகராறு போன்றது. டில்லி சராய் ரோஹில்லாவிலிருந்து ராஜஸ்தானுக்கு மீட்டர் கேஜ் வண்டிகள் போய்க்கொண்டிருந்த நாட்களை நினைவிருப்பவர்களுக்குத் தெரியும். ஒரு தண்டவாளத்தின் அகலம் 1000 மில்லிமீட்டர், இன்னொன்று 1676. சரக்கை இறக்கி ஏற்றித்தான் ஆக வேண்டும். யார் மேலும் குற்றமில்லை.

ஆனால் பின்னால் என்ன நடந்தது? சார்ஜருக்குள் இருந்த கனமான டிரான்ஸ்ஃபார்மர் போய், ஸ்விட்ச் மோட் பவர் சப்ளை வந்தது. வருகிற ஏ.சி.யை முதலில் டி.சி. ஆக்கி, அதை வினாடிக்குப் பல்லாயிரம் தடவை வெட்டி, தேவையான வோல்ட்டில் தானாகவே நிறுத்திக்கொள்ளும் சுற்று அது. உள்ளே வருவது 100 வோல்டா 240 வோல்டா, 50 சைக்கிளா 60 சைக்கிளா என்று அது கவலைப்படுவதில்லை. உங்கள் வீட்டு போன் சார்ஜரைக் கண்ணாடி போட்டுக்கொண்டு பாருங்கள்: '100–240வோ, 50/60ஹெ' என்று பொடி எழுத்தில் இருக்கும். டி.வி.களும் எல்லா முறைகளையும் பிடிக்க ஆரம்பித்தன. அதாவது தண்டவாளம் முழுவதும் ஒரே கேஜ் ஆகிவிட்டது. தடுப்பு மறைந்திருக்க வேண்டும் அல்லவா? மறையவில்லை. இயற்கையாக இருந்த தடுப்பு போன இடத்தில் கம்பெனிகள் தாங்களாகவே ஒன்றைக் கட்டின. டி.வி.டி. படத் தட்டுக்கு உலகத்தை ஆறு மண்டலமாகப் பிரித்ததை இதற்கு முதல் உதாரணமாகச் சொல்வேன். அமெரிக்கா 1, ஐரோப்பாவும் ஜப்பானும் 2, நாம் 5. தட்டு ஒன்றே, லேசர் ஒன்றே. பிளேயருக்குள் ஒரு எண்தான் வேலி.

இந்த வேலிக் கதைகளில் மிகவும் பேசப்பட்டது ஹாங்காங்கின் லிக்-சாங் கடைக் கதை. சோனி கம்பெனி 'பிளேஸ்டேஷன் போர்ட்டபிள்', சுருக்கமாக பி.எஸ்.பி., என்ற கையடக்க விளையாட்டுக் கருவியை ஜப்பானில் 2004 டிசம்பர் 12 அன்று விற்பனைக்குக் கொண்டுவந்தது. அமெரிக்காவில் 2005 மார்ச் 24. ஐரோப்பாவில் 2005 செப்டம்பர் 1. ஜப்பானில் வந்து ஐரோப்பாவுக்கு வர 263 நாட்கள். விளையாட்டுப் பிரியர்கள் என்று ஒரு ஜாதி உண்டு. அவர்களுக்கு ஒன்பது மாதம் என்பது ஒரு யுகம். எந்த ஊரில் என்ன வந்தது, எப்படி இருக்கிறது என்று பத்திரிகைகளிலும் கம்ப்யூட்டரிலும் அன்றன்றைக்குப் படித்துக்கொண்டு, கையில் மட்டும் கிடைக்காமல் இருந்தால் எப்படி இருக்கும்? என் தங்கை மகன் அப்போது இங்கிலாந்தில் படித்துக்கொண்டிருந்தான். பகுதிநேர வேலைப் பணத்தைச் சேர்த்து, ஹாங்காங்கிலிருந்து தபாலில் ஒன்று வரவழைத்துக்கொண்டான். தங்கைக்குக் கோபம், அவனுக்கோ அது புனித யாத்திரை போய்வந்த மாதிரி. கல்லூரியில் முப்பது பேருக்குக் காட்டியிருப்பான், அதில் பத்துப் பேராவது பிறகு வாங்கியிருப்பார்கள். கம்பெனிக்குச் செலவில்லாத விளம்பரம்.

அப்படி வரவழைத்தவர்கள் ஐரோப்பா முழுவதும் ஏராளம். அவர்களுக்கு அனுப்பிய கடைகளில் பெயர் பெற்றது 1998-இல் தொடங்கிய லிக்-சாங். (அது முழுக்கச் சுத்தமான கை என்று சொல்ல வரவில்லை. விளையாட்டுக் கருவிகளின் பூட்டை மீறச் செய்யும் சில்லுகளை விற்றதற்காக 2002-இல் நின்டெண்டோ, சோனி, மைக்ரோசாஃப்ட் மூன்றும் சேர்ந்து அதன் மேல் வழக்குப் போட்டன. அது வேறு விவகாரம்.) பி.எஸ்.பி. விஷயத்தில் அது விற்றது அசல் சரக்கு. ஆனாலும் சோனியின் ஐரோப்பியப் பிரிவு அதன் மேல் நடவடிக்கை எடுத்தது. எங்கள் அனுமதியில்லாமல் எங்கள் வணிகச் சின்னம் போட்ட பொருளை ஐரோப்பாவுக்குள் விற்கிறார்கள் என்பது வழக்கு. நாங்கள் ஹாங்காங்கில்தான் விற்கிறோம், வாங்குபவர் தபாலில் பெற்றுக்கொள்கிறார் என்பது கடையின் கட்சி. 2006 அக்டோபர் 20 அன்று லண்டன் உயர் நீதிமன்றம் சோனிக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. விற்பனை ஐரோப்பாவில் நடந்ததாகவே கருத வேண்டும் என்றது. நான்கே நாளில், அக்டோபர் 24 அன்று, பல நாடுகளில் வழக்கு நடத்த எங்களால் முடியாது என்று அறிவித்து லிக்-சாங் கடையை மூடிவிட்டது.

இரு தரப்பும் சொன்னதைச் சொல்லிவிடுகிறேன். ஐரோப்பியப் பாதுகாப்புத் தரத்துக்கும் மின்சாரத்துக்கும் பொருந்தாத கருவிகள் வாடிக்கையாளர் கையில் போய்ச் சேரக் கூடாது என்பதற்காகத்தான் வழக்கு என்றது சோனி. நாங்கள் விற்ற பி.எஸ்.பி.யோடு இருந்த அடாப்டர் 100–240 வோல்ட், கம்பெனியே கொடுத்தது, பாதுகாப்பு முத்திரையும் உண்டு என்றது லிக்-சாங். ஒரு எலக்ட்ரிகல்காரனாக நான் கடை பக்கம்தான் நிற்பேன். பிளக்கின் கால்கள் இங்கிலாந்தின் சுவரில் பொருந்தாது, வாஸ்தவம். அதற்கு ஒரு அடாப்டர் பின் போதும். மேலும் பி.எஸ்.பி. விளையாட்டுத் தட்டுகளுக்கு மண்டலப் பூட்டும் கிடையாது. ஜப்பானியக் கருவியில் ஐரோப்பிய விளையாட்டு தாராளமாக ஓடியது. லிக்-சாங் இன்னொன்றையும் போட்டு உடைத்தது: ஐரோப்பிய வெளியீட்டுக்கு முன்பு எங்களிடம் பி.எஸ்.பி. வாங்கியவர்களில் சோனி ஐரோப்பாவின் பெரிய அதிகாரிகளும் உண்டு என்றது! அது வழக்குக்கு ஆதாரம் திரட்ட வாங்கியது என்று பதில் வந்தது. இன்னொரு பதிலும் சோனி சொன்னது: லிக்-சாங் கோர்ட்டுக்கே வரவில்லை, வக்கீல் செலவும் செய்யவில்லை, எங்களுக்குக் கொடுக்க வேண்டிய செலவுத் தொகையையும் கட்டவில்லை, ஆகவே எங்களால்தான் மூடினார்கள் என்பது சரியல்ல.

இதில் கவனிக்க வேண்டியது தேதி. தீர்ப்பு வந்தபோது பி.எஸ்.பி. ஐரோப்பாவில் எல்லாக் கடைகளிலும் விற்று ஒரு வருஷம் தாண்டியிருந்தது. அதற்காக இத்தனை வேகமா? அடுத்த கருவியான பிளேஸ்டேஷன் 3 ஜப்பானில் 2006 நவம்பர் 11 அன்றும் அமெரிக்காவில் நவம்பர் 17 அன்றும் வெளியாக இருந்தது. ஐரோப்பாவுக்கும் நவம்பர் என்றுதான் முதலில் சொல்லியிருந்தார்கள். செப்டம்பர் முதல் வாரத்தில், நீல லேசர் டயோடு போதிய அளவு தயாராகவில்லை என்று சொல்லி ஐரோப்பாவை மட்டும் அடுத்த மார்ச்சுக்குத் தள்ளினார்கள். நான்கு மாத இடைவெளியில் ஹாங்காங் தபால் மூட்டைகள் வரப்போகின்றன என்பது அவர்களுக்குத் தெரியாதா? கதவை முன்கூட்டியே சாத்தினார்கள் என்பது என் ஊகம்.

சரி, காத்திருந்தவர்களுக்கு என்ன கிடைத்தது? 2007 மார்ச் 23 அன்று பிரிட்டனில் வந்த 60 ஜி.பி. பிளேஸ்டேஷன் 3-இன் விலை 425 பவுண்டு. அமெரிக்காவில் அதே 60 ஜி.பி. 599 டாலர். பிரிட்டிஷ் விலையில் பதினேழரை சதவீதம் வரி சேர்ந்திருக்கிறது, அதைக் கழித்துவிட்டு அன்றைய மாற்று விகிதத்தில் கணக்குப் போட்டாலும் 700 டாலருக்கு மேல் வருகிறது. (பி.எஸ்.பி.யில் இவ்வளவு வித்தியாசம் இல்லை. 249 டாலருக்கு எதிராக, வரி நீக்கி, 275 பக்கம். அங்கே பிரச்சினை விலையல்ல, காத்திருப்பு மட்டும்தான்.) அதோடு முடியவில்லை. ஜப்பானிலும் அமெரிக்காவிலும் முதலில் விற்ற கருவிக்குள் பழைய பிளேஸ்டேஷன் 2-இன் முக்கியச் சில்லை வைத்திருந்தார்கள். பழைய விளையாட்டுகள் பெரும்பாலும் ஓடின. ஐரோப்பியக் கருவியில் அந்தச் சில்லை எடுத்துவிட்டு மென்பொருளால் ஒப்பேற்றினார்கள். பல பழைய விளையாட்டுகள் ஓடவில்லை. அதாவது யார் பல வருஷமாகப் பழைய விளையாட்டுகளை வாங்கிச் சேர்த்து வைத்திருந்தார்களோ அவர்களுக்குத்தான் அடி. தாமதம், கூடுதல் விலை, குறைந்த சரக்கு, மூன்றும் ஒன்றாக. இதற்கு மேல் ஹாங்காங் வழியும் அடைப்பு. அங்கலாய்க்காமல் என்ன செய்வார்கள்?

கோர்ட்டு எப்படிக் கம்பெனி பக்கம் நின்றது என்று கேட்பீர்கள். நான் ஒரு பொருளை விற்றுப் பணம் வாங்கிக்கொண்ட பிறகு, வாங்கியவர் அதை யாருக்கு விற்கலாம் என்று சொல்ல எனக்கு உரிமை உண்டா? பொதுவாக இல்லை. முதல் விற்பனையோடு சின்னத்துக்கு உரியவரின் பிடி தீர்ந்துபோகிறது என்பது சட்டத்தின் கொள்கை. தகராறெல்லாம் அந்த முதல் விற்பனை எங்கே நடந்தால் பிடி தீரும் என்பதில்தான். உலகத்தில் எங்கே விற்றாலும் தீரும் என்பது ஒரு வழி. எங்கள் எல்லைக்குள் விற்றால்தான் தீரும் என்பது இன்னொரு வழி. ஐரோப்பா இரண்டாவதை எடுத்துக்கொண்டது. அதை உறுதி செய்தது 1998 ஜூலையில் வந்த ஒரு மூக்குக் கண்ணாடி வழக்கு. சில்வெட் என்ற ஆஸ்திரியக் கம்பெனி, மோஸ்தர் போய்விட்ட 21,000 ஃப்ரேம்களை பல்கேரியக் கம்பெனி ஒன்றுக்கு மலிவாகத் தள்ளிவிட்டது. பல்கேரியாவிலும் பழைய சோவியத் நாடுகளிலும்தான் விற்க வேண்டும் என்பது பேச்சு. அவை சுற்றிக்கொண்டு ஆஸ்திரியாவுக்கே திரும்பி, ஹார்ட்லவர் என்ற மலிவு விலைக் கடையில் விற்பனைக்கு வந்துவிட்டன! கம்பெனி வழக்குப் போட்டு வென்றது. ஐரோப்பியப் பொருளாதார வட்டாரத்துக்கு வெளியே விற்ற சரக்கு உள்ளே வர, சின்னத்துக்கு உரியவர் சம்மதம் வேண்டும் என்று ஐரோப்பிய நீதிமன்றம் சொல்லிவிட்டது. தலைவலி மூக்குக் கண்ணாடிக்கு வந்தது. மருந்து எல்லாருக்கும் கொடுத்தார்கள். சோனி பிடித்துக்கொண்டதும் இந்தக் கயிற்றைத்தான்.

கம்பெனிகள் பக்கமும் நியாயம் உண்டு, இல்லையென்று சொல்ல மாட்டேன். புதுப் பொருள் முதல் மாதங்களில் போதிய அளவு தயாராகாது. எங்காவது முதலில், எங்காவது பிறகு என்றுதான் அனுப்ப முடியும். உள்ளூர் ஏஜெண்டு லட்சக்கணக்கில் விளம்பரம் செய்து, ரிப்பேர் நிலையம் திறந்து, உதிரி பாகம் வாங்கி வைக்கிறார். அவர் செலவில் குளிர் காய்ந்துகொண்டு இன்னொருவர் தபாலில் விற்றால் அவருக்கு வயிறு எரியாதா? இன்னொன்று நமக்கே சாதகமானது. ஏழை நாட்டில் குறைந்த விலை, பணக்கார நாட்டில் கூடுதல் விலை என்று வைக்க வேண்டுமானால், குறைந்த விலைச் சரக்கு பணக்கார நாட்டுக்குத் திரும்பி ஓடாமல் தடுத்தாக வேண்டும். நாம் மலிவாக வாங்கிப் படித்த 'இந்தியப் பதிப்பு' இன்ஜினியரிங் புத்தகங்களின் ரகசியம் இதுதான். ஆக, விலைக்காகப் போடும் வேலியை என்னால் ஓரளவு ஒப்புக்கொள்ள முடிகிறது. ஆனால் முன்னதாக வரவழைப்பவன் அதிக விலையும் தபால் செலவும் சுங்க வரியும் கொடுத்து வாங்குகிறான். மலிவுக்கு அலைகிறவன் இல்லை. காத்திருக்க முடியாத அளவு ஆசை வைத்திருக்கிறவன். நல்ல வியாபாரி அவனைக் கடைக்குள் அழைத்து உட்காரவைப்பான்.

இந்தக் கதை நம் ஊருக்கும் வந்தது. ஆப்பிள் கம்பெனியின் முதல் ஐபோன் அமெரிக்காவில் 2007 ஜூன் 29 அன்று வெளிவந்தது, ஏ.டி.&டி. என்ற ஒரே டெலிபோன் கம்பெனியின் இணைப்பில்தான் வேலை செய்யும். இந்தியாவுக்கு முறைப்படி ஐபோன் வந்தது 2008 ஆகஸ்ட் 22 அன்று, அதுவும் அடுத்த மாடல். நடுவில் பதினான்கு மாதம். கரோல் பாக் கஃபார் மார்க்கெட்டுக்கு அந்த நாட்களில் போனவர்களுக்குத் தெரியும், அங்கே பூட்டு உடைத்த அமெரிக்க ஐபோன் வைக்காத கடையே குறைவு. அப்படி வாங்கியவர்கள்தான் நம் நாட்டின் முதல் ஐபோன் ரசிகர்கள். 2007 செப்டம்பர் கடைசியில் கம்பெனி ஒரு மென்பொருள் மாற்றம் அனுப்பியது. பூட்டு உடைத்த போனில் இதைப் போட்டால் போன் ஒரேயடியாகச் செத்துவிடலாம் என்று முன்கூட்டி எச்சரிக்கையும் செய்தது. போட்ட பல பேருடைய போன் அப்படியே கல்லாகிவிட்டது, வாரண்டியும் கிடையாது. பூட்டை உடைத்தால் உள்ளே எது எப்படி ஆகும் என்று கம்பெனி எப்படிப் பொறுப்பேற்கும் என்பதும் சரியான கேள்விதான். ஆனால் அதே செப்டம்பரில் இன்னொன்று நடந்தது பாருங்கள். 599 டாலர் போனை வெளியிட்டுப் பத்தே வாரத்தில் 399 ஆகக் குறைத்தார்கள். முதல் நாளே வரிசையில் நின்று வாங்கியவர்கள் கொதித்தார்கள். உடனே அவர்களுக்கு 100 டாலர் கடைக் கடன் கொடுத்துச் சமாதானம் செய்தார் ஸ்டீவ் ஜாப்ஸ். முன்னதாக வாங்கிய உள்ளூர்க்காரருக்கு 100 டாலர். முன்னதாக வாங்கிய வெளியூர்க்காரருக்குக் கல்!

2008-இல் இங்கே முறைப்படி வந்தபோது 8 ஜி.பி. போனின் விலை 31,000 ரூபாய். அமெரிக்காவில் 199 டாலர், அதாவது அன்றைய மதிப்பில் எட்டாயிரத்து ஐநூறு ரூபாய் பக்கம். அங்கே இரண்டு வருஷ ஒப்பந்தம் போட்டு மாதாமாதம் பில்லில் கறந்துவிடுவார்கள் என்பதால் இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட முடியாது. ஆனால் நம்மவர் மனசுக்கு அந்தக் கணக்கெல்லாம் எட்டுமா? கஃபார் மார்க்கெட்டின் கூட்டம் குறையவில்லை.

எனக்கு நேர்ந்ததையும் சொல்கிறேன். 2014-இல் என் மூத்த மகள் துபாயிலிருந்து ஒரு டிஜிட்டல் கேமரா வாங்கி வந்தாள். கம்பெனி பெயர் வேண்டாம். முப்பது வருஷமாக எங்கள் வீட்டில் ரேடியோ, டி.வி. எல்லாம் அவர்களுடையதுதான். ஏழாம் மாதம் லென்ஸ் வெளியே வந்தது, உள்ளே போக மறுத்தது. அவர்களுடைய ரிப்பேர் நிலையத்துக்குப் பில்லோடு போனேன். கவுண்டரில் இருந்த பையன் நம்பரைக் கம்ப்யூட்டரில் தட்டிவிட்டு, "இது இண்டியா பீஸ் இல்லை, அங்கிள்" என்றான். சரி, வாரண்டி வேண்டாம், காசு தருகிறேன், செய்து கொடுங்கள் என்றேன். காசு கொடுத்தாலும் இந்த நம்பருக்கு உதிரி பாகம் வரவழைக்க முடியாது என்றான். அதே மாடல், அதே கம்பெனி, கண்ணாடி அலமாரியில் எனக்கு எதிரே விற்பனைக்கு இருக்கிறது! கடைசியில் சாந்தினி சௌக்கில் ஒரு வயசான மெக்கானிக், உள்ளே உடைந்திருந்த பல் சக்கரத்தை வேறொரு செத்த கேமராவிலிருந்து எடுத்துப் போட்டு எண்ணூறு ரூபாய்க்குச் சரி செய்தார். அதன் பிறகு எங்கள் வீட்டில் அந்தக் கம்பெனிப் பொருள் ஒன்றும் வாங்கவில்லை. நான் தடை போடவில்லை. என் மனைவி போட்டாள்.

நம் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது? இதற்கு டில்லி உயர் நீதிமன்றத்தில்தான் முக்கியமான தீர்ப்பு வந்தது. சாம்சங் கம்பெனியின் அசல் பிரிண்டர்களை வெளிநாட்டில் மலிவாக வாங்கி இங்கே இறக்குமதி செய்து விற்ற சில டில்லி வியாபாரிகள் மேல் அந்தக் கம்பெனி வழக்குத் தொடுத்தது. 2012 பிப்ரவரியில் தனி நீதிபதி, ஐரோப்பா மாதிரி, கம்பெனி சம்மதம் இல்லாமல் கொண்டுவரக் கூடாது என்றார். அதே வருஷம் அக்டோபர் 3-ஆம் தேதி இரு நீதிபதிகள் கொண்ட பெஞ்ச் அதை மாற்றியது. 1999-ஆம் வருஷத்து வணிகச் சின்னச் சட்டத்தின் 30-ஆவது பிரிவைப் படித்தால், உலகத்தில் எந்தச் சந்தையில் முறைப்படி விற்றிருந்தாலும் உரிமையாளரின் பிடி தீர்ந்துவிடுகிறது என்பதுதான் பொருள், ஆகவே இறக்குமதி செய்யலாம் என்றது. ஆனால் ஒரு நிபந்தனை: இது இறக்குமதிச் சரக்கு, இதற்குச் சாம்சங் வாரண்டியும் ரிப்பேரும் கிடையாது, நாங்களே செய்து தருகிறோம் என்று கடையில் எல்லாருக்கும் தெரியும்படி எழுதி வைக்க வேண்டும். எனக்கு இந்தத் தீர்ப்பு மிகவும் பிடித்திருக்கிறது. வாங்குபவரிடம் உள்ளதைச் சொல்லிவிடு, பிறகு முடிவு அவருடையது.

கம்பெனிகளும் மெள்ள மெள்ள மாறின. பிளேஸ்டேஷன் 4 அமெரிக்காவில் 2013 நவம்பர் 15 அன்றும் ஐரோப்பாவில் இரண்டே வாரத்தில் நவம்பர் 29 அன்றும் வந்தது. வேடிக்கை என்னவென்றால் சொந்த நாடான ஜப்பானுக்கு 2014 பிப்ரவரி 22 வரை காத்திருப்பு! இந்தியாவுக்கு ஜனவரி 6 அன்றே வந்துவிட்டது. 2011-இல் தன் 3டி.எஸ். கருவிக்கு மண்டலப் பூட்டுப் போட்ட நின்டெண்டோ, 2017-இல் ஸ்விட்ச் கருவியைப் பூட்டில்லாமல் விட்டது. 2021-இல் ஐபோன் 13 அமெரிக்காவில் வந்த செப்டம்பர் 24 அன்றே நம் கடைகளிலும் வந்தது. ஆனால் பிளேஸ்டேஷன் 5, 2020 நவம்பரில் மற்ற நாடுகளுக்கு வந்துவிட, நமக்கு 2021 பிப்ரவரி 2 வரை வரவில்லை. இடையில் சாம்சங் 2013-இல் நோட் 3 போனை ஐரோப்பாவில் விற்றபோது, முதலில் ஐரோப்பிய சிம் போட்டுத் திறந்தால்தான் மற்ற நாட்டு சிம் எடுக்கும் என்று ஒரு பூட்டு வைத்தது. அப்போது அங்கே போய்வந்த நம்மவர்கள் சிலர், பெட்டியின் மேல் ஒட்டியிருந்த சீட்டைப் படிக்காமல் வாங்கி வந்து திண்டாடினார்கள்.

ஆகவே பிள்ளைகள் எதையாவது வாங்கிக்கொண்டு வருகிறேன் என்றால் சில விஷயங்களைக் கேட்டு வையுங்கள். சார்ஜரைப் பற்றி இன்று அதிகம் கவலை வேண்டாம். ஆனால் மிக்ஸி, ஹேர் டிரையர், மின்சார குக்கர் போன்ற மோட்டாரும் ஹீட்டரும் உள்ள சாமான்களில் பழைய 120 வோல்ட் தகராறு இன்னும் அப்படியே இருக்கிறது, அவற்றை வாங்கவே சொல்லாதீர்கள். போன் என்றால், ஒப்பந்தப் பூட்டு இல்லாத போனா என்று கேளுங்கள். ஐபோன் என்றால் இன்னொரு சங்கதி: 2022-இல் வந்த 14-ஆம் மாடல் முதல் அமெரிக்காவில் விற்பதில் சிம் கார்டு செருகும் இடமே கிடையாது, இ-சிம் மட்டும்தான். இங்கே ஏர்டெல், ஜியோ, வி மூன்றும் இ-சிம் தருகின்றன என்றாலும், பட்டன் போனிலிருந்து சிம்மைக் கழற்றி இதில் மாற்றி மாற்றிப் போட்டுப் பழகிய நம் வயசுக்காரர்களுக்கு அது சரிப்படுமா என்று யோசித்துக்கொள்ளுங்கள். அந்த 14-ஆம் மாடலைப் பூட்டும் வேலை 2022-இலேயே ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஆரம்பமாகிவிட்டது. அங்கிருந்து கப்பலேறியது அமெரிக்கா போய், மகன் பெட்டியில் டில்லி வந்தாலும், அது அமெரிக்கச் சரக்குதான்.

வாரண்டி எந்த நாட்டில் செல்லும் என்பது பெட்டிக்குள் இருக்கும் சின்னப் புத்தகத்தில் எழுதியிருக்கும். 'வாங்கிய நாட்டில் மட்டும்' என்று இருந்தால் இங்கே போய் வாதாடிப் பிரயோஜனமில்லை. பிள்ளைகள் அடுத்த தடவை வந்து திரும்பும்போது கொடுத்தனுப்பி, அங்கேயே சரி செய்து வாங்க வேண்டும். அதற்கு முதலில் கேட்பது பில். எங்கள் கேமரா பில் வெப்பத்தாளில் அச்சிட்டது. ஒரு கோடைக்குள் எழுத்தெல்லாம் மறைந்து வெறும் தாளாகிவிட்டது. வாங்கிய அன்றே ஒரு ஜெராக்ஸ் எடுத்து வைத்துவிடச் சொல்லுங்கள்.